ஸ்லீவ் போட்ட பிளாக் நிலைக்குமா?

கேள்வி கேட்டவரின் நிலையை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். அவருடையது நான்கு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின், வார்ப்பிரும்பு பிளாக், போர் (சிலிண்டர் துளையின் விட்டம்) 80 மி.மீ. மூன்றாவது சிலிண்டரில், பிஸ்டனை ராடோடு இணைக்கும் பிஸ்டன் பின்னைப் பிடித்திருக்கும் லாக் கழன்று, சிலிண்டர் சுவரில் மேலும் கீழுமாக ஓடி, ஏறத்தாழ 0.8 மி.மீ. ஆழத்துக்கு ஒரு பள்ளத்தைக் கிழித்திருக்கிறது. மற்ற மூன்று சிலிண்டர்களும் நன்றாக இருக்கின்றன. ஒரு பட்டறையில் அந்த ஒரு சிலிண்டருக்கு மட்டும் ஸ்லீவ் (துளையைப் பெரிதாகக் கடைந்து உள்ளே இறக்கும் உலோகக் குழாய்) போட்டுத் தருகிறோம் என்கிறார்கள். இன்னொரு மெக்கானிக், ஸ்லீவ் போட்ட பிளாக் நிற்காது, பிளாக்கையே மாற்றிவிடுங்கள் என்கிறார். யார் சொல்வது சரி என்பதுதான் கேள்வி. ஆனால் அதற்குள் இருக்கும் உண்மையான கேள்வி வேறு என்று எனக்குத் தோன்றுகிறது: ஸ்லீவ் என்பது முழுமையான பழுதுநீக்கமா, அல்லது வண்டியை விற்கும் வரைக்கும் ஓட்டுவதற்கான ஒட்டுவேலையா? பல ஆண்டுகள் போரிங் மெஷினின் முன் நின்றவன் என்ற முறையில் அந்தக் கேள்விக்கே பதில் சொல்ல முயல்கிறேன்.

சரியாகப் போடப்பட்ட ஸ்லீவ் முழுமையான பழுதுநீக்கம்தான். இதில் எனக்கு ஐயம் இல்லை. கனரக டீசல் எஞ்சின்களில் பெரும்பாலானவை தொழிற்சாலையிலிருந்து வரும்போதே தனி லைனருடன்தான், அதாவது தனி ஸ்லீவுடன்தான், வருகின்றன. அலுமினியம் பிளாக் கொண்ட கார் எஞ்சின்களில் மிகப் பலவற்றில், பிஸ்டன் உரசி ஓடுவது அலுமினியத்தின் மேல் அன்று. வார்க்கும்போதே உள்ளே வைத்து வார்க்கப்பட்ட இரும்பு லைனரின் மேல்தான். ஆகவே, பிளாக்கின் உடலும் பிஸ்டன் ஓடும் சுவரும் இரண்டு தனி உலோகத் துண்டுகளாக இருப்பதில் அடிப்படையான குறை எதுவும் இல்லை. அதோடு, மாற்று ஸ்லீவ்கள் பெரும்பாலும் சுழலும் அச்சில் ஊற்றி வார்க்கப்படுபவை. சுழற்சியின் விசையில் உலோகம் அடர்த்தியாகப் படிந்து, கசடும் காற்றுக் குமிழியும் உள்பக்கமாக ஒதுங்கிவிடுகின்றன. அந்த உள்பக்கத்தைக் கடைந்து எடுத்துவிடுகிறார்கள். சிக்கலான மணல் அச்சில் வார்த்த பிளாக்கின் சுவரைவிட இத்தகைய ஸ்லீவின் உலோகம் பல நேரங்களில் சீரானதாகவே இருக்கிறது.

அப்படியானால் 'ஸ்லீவ் நிற்காது' என்று அந்த மெக்கானிக் ஏன் சொல்கிறார்? அவர் பார்த்தவை நிற்காமல் போயிருக்கும். அதை நான் மறுக்க மாட்டேன், நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் என்னிடம் திரும்பி வந்த பிளாக்குகளில் ஸ்லீவ் தானாகக் கெட்டுப்போனது மிக அரிது. கெட்டது அதைச் சுற்றியிருந்த சுவர், அல்லது அதற்காகக் கடைந்த துளை. எனவே ஸ்லீவ் நல்லதா என்று கேட்பதை விட்டுவிட்டு, என் பிளாக்கில் அதைத் தாங்கும் சுவர் இருக்கிறதா, துளையைச் சரியாகக் கடையும் கை இருக்கிறதா என்று கேட்க வேண்டும்.

இந்தப் பள்ளத்தைச் சாதாரண போரிங்கில் ஏன் எடுக்க முடியாது என்பதைப் பார்த்துவிடுவோம். ஓவர்சைஸ் பிஸ்டன் பொதுவாக 0.25, 0.50, சில எஞ்சின்களுக்கு 0.75 அல்லது 1.00 மி.மீ. வரை கிடைக்கும். இந்த எண்கள் விட்டத்தின் அளவு. சுவரிலிருந்து நீங்குவது அதில் பாதிதான். 0.50 ஓவர்சைஸுக்குக் கடைந்தால் சுவரில் 0.25 மி.மீ. மட்டுமே போகும். உங்கள் பள்ளம் 0.8 மி.மீ. ஆழம் என்றால் அது மறைய விட்டம் குறைந்தது 1.6 மி.மீ. பெருக வேண்டும். அந்த அளவுக்குப் பிஸ்டன் கிடைக்காது. கிடைத்தாலும் ஒரு பள்ளத்துக்காக நான்கு சிலிண்டர்களையும் அந்த அளவுக்குக் கடைவது பிளாக்கைப் பாழாக்குவதாகும். ஆகவே ஸ்லீவ் அல்லது வேறு பிளாக் என்ற இரண்டு வழிகள்தான் உண்மையில் உங்கள் முன் இருக்கின்றன.

லாக் கழன்று விழும் பள்ளத்துக்கு ஓர் இயல்பு உண்டு. வரிசை எஞ்சினில் பிஸ்டன் பின் கிராங்குக்கு இணையாகக் கிடப்பதால், அதன் முனை பார்ப்பது எஞ்சினின் முன்பக்கத்தையோ பின்பக்கத்தையோதான். அதாவது, பள்ளம் விழுவது பெரும்பாலும் பக்கத்துச் சிலிண்டரைப் பார்த்த சுவரில். மூன்றாவது சிலிண்டரில் விழுந்திருந்தால் அது இரண்டையோ நான்கையோ நோக்கிய சுவரில் இருக்கும். அந்த இடத்தில் இரண்டு சிலிண்டர்களுக்கும் நடுவே தண்ணீர் ஓடுகிறதா, அல்லது இரண்டும் ஒரே சுவராக ஒட்டி வார்க்கப்பட்டிருக்கின்றனவா என்பது உங்கள் விஷயத்தில் மிக முக்கியம். இன்னொன்று, அந்தப் பின் பிஸ்டனின் தலையிலிருந்து சில சென்டிமீட்டர் கீழே இருப்பதால் பள்ளம் சுவரின் உச்சியில் தொடங்காது. சற்றுக் கீழேதான் தொடங்கும். இது நல்ல செய்தி என்பதைக் கீழே விளக்குகிறேன்.

ஸ்லீவில் ஈரம், உலர் என்று இரண்டு வகை. ஈர ஸ்லீவின் வெளிப்புறத்தைக் கூலண்ட் நேரடியாகத் தொடும். மேலே விளிம்பும் கீழே ஓ-ரிங்கும் நீரைத் தடுக்கும். சுவரும் தடிமனாக இருக்கும். அதற்கென்றே வடிவமைத்த பிளாக்கில்தான் அது பொருந்தும். உங்கள் பிளாக்குக்கு வேண்டியது உலர் ஸ்லீவ்: பழைய சுவரைப் பெரிதாகக் கடைந்து, அதற்குள் இறுக்கமாக இறக்கும் மெல்லிய குழாய். கார் எஞ்சின்களுக்கான பழுதுநீக்க ஸ்லீவின் சுவர்த் தடிமன் பொதுவாக 2.5 முதல் 3 மி.மீ. அளவில் இருக்கும். கணக்குக்கு 2.5 என்றே வைத்துக்கொள்வோம்.

இந்த 2.5 மி.மீ. குழாய் தனியாக நின்றால் எரியும் வாயுவின் அழுத்தத்தைத் தாங்குமா? பெட்ரோல் எஞ்சினில் எரியும் கணத்தில் உச்ச அழுத்தம் 80 பார் என்று கொண்டால், அது 8 மெகாபாஸ்கல். ஆரம் 40 மி.மீ.; தடிமன் 2.5 மி.மீ.; பெருக்கி வகுத்தால் குழாயின் சுற்றுத்திசையில் ஏற்படும் இழுவிசை 128 மெகாபாஸ்கல். சாதாரணச் சாம்பல் வார்ப்பிரும்பு ஒரே இழுப்பில் உடைய 200 முதல் 250 மெகாபாஸ்கல் வரை தேவைப்படும்; ஆனால் மீண்டும் மீண்டும் விழும் இழுப்புக்கு அதில் பாதியளவோ அதற்கும் குறைவாகவோதான் தாங்கும். கிராங்க் நிமிடத்துக்கு 3000 முறை சுழன்றால் ஒவ்வொரு சிலிண்டரிலும் 1500 முறை இந்த அடி விழுகிறது. எனவே பின்னால் தாங்கல் இல்லாத மெல்லிய ஸ்லீவ் ஒருநாள் விரிசல் விடவே செய்யும். உலர் ஸ்லீவ் அழுத்தத்தைத் தானே தாங்குவதில்லை. பின்னால் இருக்கும் பிளாக்கின் சுவரோடு சேர்ந்து தாங்குகிறது. இதில் உள்ள ஆறுதல், உச்ச அழுத்தம் பிஸ்டன் மேல்முனையை ஒட்டி இருக்கும்போதுதான் வருகிறது என்பது. பிஸ்டன் பாதித்தூரம் இறங்குவதற்குள் அழுத்தம் வெகுவாகக் குறைந்துவிடும். ஆகையால் சுவரின் அடிப்பகுதியில் சிறிய ஓட்டையோ உடைப்போ இருந்தாலும் ஸ்லீவ் அதைத் தாண்டி நிற்க வாய்ப்புண்டு. சுவரின் மேல் மூன்றிலொரு பங்கில் தாங்கல் இல்லையென்றால் அந்த வேலையை நான் எடுத்துக்கொள்வதில்லை.

எனவே கடைவதற்கு முன் சுவரை அளந்தாக வேண்டும். 2.5 மி.மீ. ஸ்லீவுக்காக உங்கள் 80 மி.மீ. துளையை 85-ஆகக் கடைவார்கள். சுவர் ஆறு மி.மீ. இருந்தால் மூன்றரை மீதமிருக்கும், கவலையில்லை. ஆனால் வார்ப்பின்போது உள்ளே வைக்கும் மணல் கரு சற்று நகர்ந்திருந்தால், ஒரு பக்கம் ஆறும் மறுபக்கம் நான்குமாக இருப்பது அரிதன்று. நான்கு இருந்த பக்கத்தில் கடைந்த பிறகு ஒன்றரைதான் நிற்கும். இது வெளியிலிருந்து கண்ணுக்குத் தெரியாது. மீயொலித் தடிமன்மானியால் ஒவ்வொரு சிலிண்டரிலும் மேல், நடு, கீழ் என மூன்று உயரத்தில், நான்கு திசைகளில் அளக்க வேண்டும். சிலிண்டர்கள் ஒட்டி வார்க்கப்பட்ட பிளாக்காக இருந்தால் இடைச்சுவரையும் கணக்கிட வேண்டும். இரண்டு சிலிண்டர்களின் மையங்களுக்கு இடையே 88 மி.மீ. என்றால் இடைச்சுவர் 8 மி.மீ.; ஒன்றுக்கு மட்டும் ஸ்லீவ் போட்டால் ஐந்தரை, இரண்டுக்கும் போட்டால் மூன்று.

அளப்பதோடு விரிசலையும் தேட வேண்டும். வார்ப்பிரும்புக்குக் காந்தத்தூள் சோதனை. அலுமினியத்தைக் காந்தம் பிடிக்காது என்பதால் அதற்குச் சாயம் ஊடுருவும் சோதனை. இவற்றுக்கு மேலாக, நீர் செல்லும் வழிகளை அடைத்து அழுத்தம் கொடுத்துப் பார்க்கும் சோதனை. முடிந்தால் பிளாக் சூடாக இருக்கும்போதே செய்வது நல்லது. குளிர்ந்த நிலையில் மூடிக்கிடக்கும் விரிசல் சூட்டில் வாய் திறக்கும். லாக் கழன்ற எஞ்சினில் பிஸ்டன் பின்னும் நகர்ந்து சுவரை இடித்திருக்கலாம்; ராட் வளைந்திருக்கலாம். ராடைச் சோதிக்காமல் அப்படியே மாட்டினால், புதிய லாக்கும் அதே வழியில் கழலும். லாக் ஏன் கழன்றது என்பதற்கு விடை தெரியாமல் எந்தப் பழுதுநீக்கமும் முழுமையாகாது: பழைய லாக்கையே மீண்டும் போட்டார்களா, ராட் கோணலாக இருந்ததா, பிஸ்டனில் லாக் அமரும் பள்ளம் தேய்ந்திருந்ததா என்று பாருங்கள்.

இனி கடைதல். தேய்ந்த சிலிண்டர் ஒரு பக்கமாகவே அதிகம் தேய்ந்திருக்கும். அந்தத் தேய்ந்த பகுதியை வைத்து மையம் பிடித்தால் புதிய துளையின் மையமும் அந்தப் பக்கம் நகர்ந்துவிடும். பிஸ்டன் ரிங் தொடாத உச்சிப்பகுதியையோ அடிப்பகுதியையோ வைத்து மையம் பிடிப்பதே முறை. மெஷினைப் பிளாக்கின் மேல்முகத்தில் உட்கார வைத்துக் கடைவதாக இருந்தால் அந்த முகம் சமமாக இருக்கிறதா, கிராங்குக்கு இணையாக இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். மேல்முகம் சாய்ந்திருந்தால் துளையும் சாயும். பிஸ்டன் ஒரு விளிம்பில் உரசிக்கொண்டே ஓடும்.

துளையை அடிவரை கடைந்துவிடக் கூடாது. கீழே 4 அல்லது 5 மி.மீ. உயரத்துக்குப் பழைய சுவரை விட்டுவைத்து, ஸ்லீவ் உட்கார ஒரு படி அமைக்க வேண்டும். எனக்குத் தெரிந்து ஸ்லீவ் வேலைகள் தோற்பதற்கு இதைத் தவிர்ப்பதே பெரிய காரணம். ஒருமுறை, வேறிடத்தில் ஸ்லீவ் போடப்பட்ட பிளாக் ஒன்று, ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே வைக்கும் ஹெட் கேஸ்கெட் மூன்றாவது முறையாகப் போய்விட்டது என்று என்னிடம் வந்தது. மேல்முகத்தில் நேர்விளிம்பை வைத்துப் பார்த்தேன். மூன்று சிலிண்டர்களில் வெளிச்சம் தெரியவில்லை. நான்காவதில் மட்டும் ஸ்லீவின் மேல் மெல்லிய கோடாக வெளிச்சம் வந்தது. டயல் கேஜ் 0.12 மி.மீ. இறக்கம் காட்டியது. பிளாக்கைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தபோது அடியில் படியே இல்லை. துளை நேராக வெளியே திறந்திருந்தது. ஒவ்வொரு முறை எஞ்சின் சூடாகிக் குளிரும்போதும் ஸ்லீவ் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே நகர்ந்திருக்கிறது. கேஸ்கெட்டின் உலோக வளையத்துக்கு அழுந்த ஓர் இடம் இல்லாமல் போயிற்று. மூன்று கேஸ்கெட்டுகளின் மேலும் பழி போட்டவர்கள் ஒருவரும் அந்த நேர்விளிம்பை வைத்துப் பார்க்கவில்லை.

படி இருந்தும் இதே தவறு நேர இன்னொரு வழி உண்டு. கடையும் கருவியின் நுனி சற்று வளைவாக இருப்பதால் படியின் மூலையில் ஒரு சிறு வளைவு மிஞ்சும். ஸ்லீவின் அடிவிளிம்பைச் சரிவாகச் சீவாமல் இறக்கினால், அது படியில் உட்காராமல் அந்த வளைவின் மேல் தொங்கிக்கொண்டிருக்கும். அழுத்தும்போது உட்கார்ந்துவிட்டது போலவே இருக்கும். எஞ்சின் ஓடிய பின் இறங்கும்.

அடுத்தது இறுக்கம். ஸ்லீவின் வெளிவிட்டம் துளையின் உள்விட்டத்தைவிடச் சற்றுப் பெரிதாக இருக்க வேண்டும். இந்த அளவுள்ள மெல்லிய ஸ்லீவுக்கு, வார்ப்பிரும்பு பிளாக்கில், 0.04 முதல் 0.08 மி.மீ. வரை என்பது என் பழக்கம். ஸ்லீவ் தயாரிப்பாளர் வேறு அளவு கொடுத்திருந்தால் அதைத்தான் பின்பற்றுவேன். குறைந்தால் ஸ்லீவுக்கும் பிளாக்குக்கும் இடையே வெப்பம் தடைபடும். அந்த இடைவெளியில் தங்கும் காற்று மிக மோசமான வெப்பக்கடத்தி. கூடினால் இடைச்சுவர் வெடிக்கும், அல்லது பக்கத்துச் சிலிண்டர் உருமாறும். எண் சரியாக இருந்தும் இறுக்கம் போய்விடுவதும் உண்டு. வேகமாகக் கடைந்த துளையின் பரப்பு மரையைப் போல மேடும் பள்ளமுமாக இருக்கும். துளையை அளக்கும் போர் கேஜ் தொடுவது மேடுகளை மட்டுமே. ஸ்லீவ் இறங்கும்போது அந்த மேடுகள் நசுங்கிச் சிதைந்து, அளவில் இருந்த இறுக்கத்தில் பாதி அங்கேயே தீர்ந்துவிடும். தொடும் பரப்பும் குறையும். கடைசிச் சுற்றை மிக மெதுவாக, மெல்லிய வெட்டாக எடுப்பது இதற்காகத்தான். கையில் எடுத்து அளந்தால் மெல்லிய ஸ்லீவ் சரியான வட்டமாக இருக்காது. இரண்டு மூன்று திசைகளில் அளந்து சராசரி எடுக்க வேண்டும். அது வட்டமாவது துளைக்குள் போன பிறகுதான். துளை முட்டையாக இருந்தால் ஸ்லீவும் முட்டையாகும்.

இறக்குவதற்கு இரண்டு முறைகள். பிரஸ்ஸில் அழுத்துவது ஒன்று; ஸ்லீவைக் குளிர்வித்து, தேவைப்பட்டால் பிளாக்கைச் சூடாக்கி, கையாலேயே இறக்குவது மற்றொன்று. உலர்பனிக்கட்டியின் வெப்பநிலை மைனஸ் 78 டிகிரி செல்சியஸ். அறைவெப்பத்திலிருந்து ஏறத்தாழ 100 டிகிரி இறங்கினால் 85 மி.மீ. வார்ப்பிரும்பு ஸ்லீவ் சுமார் 0.09 மி.மீ. சுருங்கும், மேலே சொன்ன இறுக்கத்துக்கு இது மயிரிழையில் போதும் அல்லது போதாது. அதனால் பிளாக்கையும் கொஞ்சம் சூடாக்கிக்கொள்வது பாதுகாப்பு. குளிர்ந்த ஸ்லீவின் மேல் நொடிகளில் வெண்பனி படியும். அதைத் துடைத்துவிட்டு ஒரே மூச்சில் இறக்க வேண்டும். நடுவழியில் நின்றால் மெல்லிய ஸ்லீவ் சில நொடிகளில் பிளாக்கின் சூட்டை வாங்கிப் பிடித்துக்கொள்ளும். பிறகு அதைக் கடைந்து எடுத்துவிட்டு வேறொன்று போடுவதைத் தவிர வழியில்லை. பிரஸ் முறையில் எனக்குப் பிடித்தது, அழுத்தமானியே வேலையின் தரத்தைச் சொல்லிவிடும் என்பதுதான். முள் சீராக ஏறிக்கொண்டே போக வேண்டும். ஸ்லீவ் பாதியில் திடீரென இலகுவாக இறங்கினால் துளை கீழே அகன்றிருக்கிறது என்று பொருள். திடீரென முள் தாவினால் ஸ்லீவ் சாய்ந்து போகிறது.

பசை போடலாமா என்பதில் தொழில் தெரிந்தவர்களுக்குள்ளேயே ஒருமித்த கருத்து இல்லை. முழுச் சுவருக்கும் காற்றுப்படாமல் இறுகும் பசையைத் தடவி இறக்குபவர்கள் இருக்கிறார்கள். உலோகமும் உலோகமும் நேராகத் தொடுவதே வெப்பத்துக்கு நல்லது என்று எண்ணெய் மட்டும் தடவுபவர்களும் இருக்கிறார்கள். நான் இரண்டாம் அணி. ஆனால் கடையும்போது சுவர் வாட்டர் ஜாக்கெட்டுக்குள் (சிலிண்டரைச் சுற்றி நீர் ஓடும் வழிக்குள்) திறந்துவிட்டால், அந்த ஓட்டையைச் சுற்றியும் அடிப்படியிலும் பசை இடுவேன். என் பழக்கம்தான் சரி என்று சொல்ல மாட்டேன். இரண்டு முறையிலும் நெடுநாள் ஓடிய எஞ்சின்கள் உண்டு.

ஸ்லீவ் உட்கார்ந்த பின் மேலே துருத்தும் பகுதியை மேல்முகத்தோடு சமமாக மழிக்க வேண்டும். பிறகு பக்கத்துச் சிலிண்டர்களை அளக்க வேண்டும். இதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். இறுக்கமாக இறங்கிய ஸ்லீவ் இடைச்சுவரை வெளியே தள்ளும். நன்றாக இருந்த பக்கத்துத் துளை நூறில் ஒன்று இரண்டு மி.மீ. உள்வாங்கியிருக்கும். பிஸ்டனுக்கும் சுவருக்கும் உள்ள இடைவெளியே 0.03 முதல் 0.05 மி.மீ. அளவில் இருக்கும் எஞ்சினில் இது சிறிய மாற்றமன்று. இரண்டாம், நான்காம் சிலிண்டர்களை வேலைக்கு முன்பும் பின்பும் அளந்து எழுதித் தரச் சொல்லுங்கள். மாறியிருந்தால் ஹோனிங்கில் (சாணைக்கல்லால் துளையை நுட்பமாகத் தேய்ப்பதில்) சரிசெய்ய வேண்டும், சில நேரங்களில் அடுத்த ஓவர்சைஸுக்குப் போக நேரிடும். ஒரு ஸ்லீவ் என்று தொடங்கிய வேலை நான்கு பிஸ்டன்களில் முடிவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம்.

ஸ்லீவின் உள்பக்கத்தை இறுதி அளவுக்கு 0.08 மி.மீ. குறைவாகக் கடைந்து, மிச்சத்தை ஹோனிங்கில் எடுக்க வேண்டும். ஹெட் போல்ட்டுகளை முறுக்கும்போது துளையின் உச்சி சற்று உருமாறும் என்பதால், ஹெட்டுக்குப் பதிலாகத் தடித்த உலோகத் தகட்டைப் பூட்டி, அதே முறுக்கத்தில் இறுக்கி, அதன் வழியே ஹோன் செய்வது சிறந்த முறை. எல்லாப் பட்டறைகளிலும் அந்தத் தகடு இருக்காது. இருந்தால் அங்கே போவது நல்லது. ஹோனிங் முடிந்த துளையை மண்ணெண்ணெயிலோ பெட்ரோலிலோ துடைத்தால் கல்தூள் போகாது. குறுக்குக் கோடுகளுக்குள் ஒளிந்துகொள்ளும். சூடான சோப்புநீரும் தூரிகையும் கொண்டு, வெள்ளைத் துணியால் தேய்த்துத் துணி வெள்ளையாகவே வெளிவரும் வரை கழுவ வேண்டும். கழுவியதும் உடனே எண்ணெய் பூச வேண்டும். புதிதாகக் கடைந்த வார்ப்பிரும்பு சில நிமிடங்களில் துருப்பிடிக்கத் தொடங்கும்.

ஒன்றுக்கு மட்டும் போடுவதா, சமநிலைக்காக நான்குக்கும் போடுவதா என்றும் நீங்கள் கேட்டிருந்தீர்கள். ஒன்று போதும். ஒவ்வொரு ஸ்லீவும் பிளாக்கிலிருந்து கொஞ்சம் சுவரை எடுத்துக்கொள்கிறது. தேவையில்லாத இடத்தில் அதைச் செய்வதில் பயன் இல்லை. ஸ்லீவை மற்ற மூன்றும் இருக்கும் அதே அளவுக்குக் கடைந்து, அதே வகை, அதே எடையுள்ள பிஸ்டனைப் போட்டால் சமநிலை கெடாது. ஸ்லீவின் தனிச்சிறப்பே இதுதான்: ஒரு சிலிண்டரின் தவறுக்காக மற்ற மூன்றையும் தொடவேண்டியதில்லை.

இதுவரை சொன்னவை வார்ப்பிரும்பு பிளாக்குக்கு. அலுமினியத்தில் கணக்கு மாறும். அலுமினியம் ஒரு டிகிரிக்கு மீட்டரின் பத்து லட்சத்தில் 23 பங்கு விரியும். வார்ப்பிரும்பு 11 பங்குதான். 90 மி.மீ. துளையில் 80 டிகிரி ஏறினால் பிளாக் ஸ்லீவைவிட 0.086 மி.மீ. அதிகம் விரியும். ஸ்லீவ் பிளாக்கைவிடச் சூடாக இருப்பதால் இந்த இழப்பில் ஒரு பகுதி ஈடாகும் என்றாலும், இரும்புக்குப் போதுமான இறுக்கம் அலுமினியத்தில் சூட்டில் கரைந்துவிடும். அதனால் இறுக்கத்தைக் கூட்டி, மேலே விளிம்புள்ள ஸ்லீவைத் தேர்ந்து, பிளாக்கைச் சூடாக்கி இறக்குகிறார்கள். செவ்ரொலே நிறுவனம் 1970-இல் அறிமுகப்படுத்திய வேகா காரின் எஞ்சினில், லைனரே இல்லாமல், 17 விழுக்காடு சிலிக்கன் கலந்த அலுமினியச் சுவரின் மேல் பிஸ்டன் ஓடியது. அவற்றில் தேய்ந்துபோன பிளாக்குகள் பலவற்றுக்கு இரும்பு ஸ்லீவ் போட்டே மறுவாழ்வு கொடுத்தார்கள். நிக்கல், சிலிக்கன் கார்பைடு பூச்சு கொண்ட சிலிண்டராக இருந்தால், ஸ்லீவுக்கு முன் மீண்டும் பூச்சுப் போட முடியுமா என்று விசாரிப்பது நல்லது.

பிளாக்கைப் பார்க்காமல் என்னால் சொல்ல முடிந்ததன் எல்லையும் இதுதான். உங்கள் பள்ளம் மேல் மூன்றிலொரு பங்கில் எவ்வளவு தூரம் நுழைகிறது, அதன் பின்னால் எத்தனை மி.மீ. சுவர் இருக்கிறது என்பது எனக்குத் தெரியாமல் 'போடுங்கள்' என்று முடிவாகச் சொல்ல முடியாது. ஆனால் எந்த நிலையில் போடக் கூடாது என்பதை உறுதியாகச் சொல்வேன். விரிசல் மேல்முகத்துக்கோ, ஹெட் போல்ட் துளைக்கோ, கிராங்க் பேரிங் தாங்கும் சுவருக்கோ ஓடியிருந்தால் அந்தப் பிளாக்கை விட்டுவிடுங்கள். கடைந்த பிறகு மேற்பகுதியில் இரண்டு மி.மீ. சுவர்கூட நிற்காது என்று அளவு காட்டினாலும் அப்படியே. கிராங்க் பேரிங் வரிசை கோணலாகியிருந்தாலும், சேர்த்துச் சரிசெய்யும் செலவு மாற்று பிளாக்கின் விலையை எட்டிவிடும். இவை எதுவும் இல்லையென்றால், எப்படி ஓடியது என்று தெரியாத பழைய பிளாக்கைவிட, நீங்கள் அறிந்த, அளந்து பார்த்த பிளாக்கில் ஒரு ஸ்லீவையே நான் தேர்ந்தெடுப்பேன். மாற்று பிளாக்கையும் அளந்து, விரிசல் பார்த்து, போர் தேய்மானம் பார்த்துத்தானே மாட்ட முடியும்.

பட்டறையில் வேலை கொடுப்பதற்கு முன், மூன்றாம் சிலிண்டரின் சுவர்த் தடிமன், அடியில் படி விடுவார்களா, எவ்வளவு இறுக்கம் வைப்பார்கள், பக்கத்துச் சிலிண்டர்களை அளந்து தருவார்களா என்று கேளுங்கள். தயங்காமல் எண்களைச் சொல்பவரிடம் பிளாக்கைக் கொடுக்கலாம். 'அதெல்லாம் இறுக்கமாகத்தான் இருக்கும்' என்று மட்டும் பதில் வந்தால் வேறிடம் பாருங்கள்.

எஞ்சினைக் கூட்டிய பின் முதல் ஓட்டத்தில் நீண்ட நேரம் வெறுமனே ஓடவிடாதீர்கள். ரிங் சுவரில் பதிய மிதமான சுமையும், ஏறி இறங்கும் வேகமும் தேவை. முதல் எண்ணெயைச் சில நூறு கிலோமீட்டரிலேயே மாற்றி, வடித்த எண்ணெயில் உலோகத்தூள் எவ்வளவு என்று பாருங்கள். முதல் சில முறை சூடாகிக் குளிர்ந்த பிறகு, காலையில் எஞ்சின் முழுவதும் ஆறியிருக்கும்போது ரேடியேட்டரில் நீர்மட்டத்தைப் பாருங்கள். வெளியே கசிவு இல்லாமல் மட்டம் தொடர்ந்து இறங்கினால், அல்லது எஞ்சின் ஓடும்போது நீரில் குமிழி ஓயாமல் வந்தால், ஸ்லீவின் அடிப்படியையோ மேல்முகத்தையோ உடனே சோதிக்க வேண்டும். ஆயிரம் கிலோமீட்டர் ஓடியதும் நான்கு சிலிண்டர்களின் கம்ப்ரஷனையும் அளந்து குறித்துவையுங்கள். மூன்றாவது மற்றவற்றோடு ஒத்திருந்தால், அதன் பிறகு அந்தச் சிலிண்டருக்கென்று தனிக் கவனம் எதுவும் தேவைப்படாது.